வினைல் பிளாங்க் தரை: போர்டுல ₹130, கையை விட்டுப் போறது ₹238! கொடுங்கையூர் வீட்டுக்கு இது சரிப்படுமா?



பழைய மொசைக் தரை மங்கிப் போச்சு, ரெட் ஆக்சைடு தரை வெடிச்சுப் போச்சு, உடைச்சு டைல்ஸ் போட்டா ஒரு வாரம் வீட்டைக் காலி பண்ணணும். இந்த யோசனையில இருக்கும்போதுதான் "உடைக்கவே வேணாம் சார், ஒரே நாள்ல மரத் தரை மாதிரி மாத்திடலாம், சதுர அடி 130 ரூபாய்தான்"னு ஒரு விளம்பரம் கண்ணுல படும். அது பெரும்பாலும் வினைல் பிளாங்க் தரை.

இந்தப் பதிவுல ரெண்டு விஷயம் பார்க்கப் போறோம். ஒண்ணு, அந்த 130 ரூபாய் கடைசியில எவ்வளவு ஆகுது. இன்னொண்ணு, கொடுங்கையூர் மாதிரி மழைக்குத் தண்ணி நிக்கிற ஏரியாவுல இந்தச் செலவு யாருக்கு நல்லது, யாருக்கு வேண்டாம்.

முதல்ல, இது என்ன பொருள்?

வினைல்னா பி.வி.சி. பிளாஸ்டிக். பெரம்பூர் ஐ.சி.எஃப்.ல தயாராகுற ரயில் பெட்டிக்குள்ள நம்ம காலுக்கு அடியில இருக்கிற தரை விரிப்பும் இந்தக் குடும்பம்தான். வீட்டுக்கு வர்றது மூணு வகை.

1. ரோல்: துணி மாதிரி விரிக்கிறது. விலை ரொம்பக் கம்மி, ஆயுளும் கம்மி.
2. பசை போட்டு ஒட்டுற பலகை: பெரும்பாலும் 2 முதல் 3 மி.மீ. கனம். அடியில இருக்கிற தரை பளிங்கு மாதிரி மட்டமா இருந்தாதான் எடுபடும்.
3. கிளிக் லாக் எஸ்.பி.சி.: சுண்ணாம்புக்கல் பொடியும் பி.வி.சி.யும் கலந்து செஞ்ச கெட்டியான பலகை, 4 முதல் 6 மி.மீ. கனம். ஒண்ணோட ஒண்ணு பூட்டிக்கும், தரையில ஒட்டாது.

இன்னைக்கு இன்டீரியர் கடைக்காரங்க அதிகமாக் காட்டுறது மூணாவது வகை. நம்ம கணக்கும் அதுக்குத்தான்.

வாங்கும்போது எல்லாரும் மொத்தக் கனத்தைத்தான் கேட்கிறாங்க. நீங்க கேட்க வேண்டியது வியர் லேயர், அதாவது மேல இருக்கிற கண்ணாடி மாதிரி தேய்மானப் பூச்சு. 0.3 மி.மீ. இருந்தா பெட்ரூமுக்குப் போதும். ஆள் நடமாட்டம் அதிகமா இருக்கிற ஹாலுக்கு 0.5 மி.மீ. கேளுங்க. நம்ம ஏரியாவுல லாரி ஓட்டத்தாலயும் குப்பைக் கிடங்கு பக்கத்துலருந்தும் வர்ற புழுதி கொஞ்சமா? காலோட உள்ள வர்ற அந்தப் பொடி மண்ணுதான் இந்தப் பூச்சைத் தேய்க்கும்.

ஒரு எச்சரிக்கை: சில பெட்டியில வியர் லேயரை "மில்"னு போட்டிருப்பாங்க. மில் வேற, மி.மீ. வேற. 12 மில்னா 0.3 மி.மீ., 20 மில்னா 0.5 மி.மீ.

இப்போ கணக்குக்கு வருவோம்

ஒரு ஹால் 12க்கு 15 அடி, ஒரு பெட்ரூம் 10க்கு 12 அடி. மொத்தம் 300 சதுர அடி. கீழே இருக்கிற விலையெல்லாம் கணக்குப் புரியறதுக்காக நான் எடுத்துக்கிட்டது. கடைக்குக் கடை, பிராண்டுக்குப் பிராண்டு மாறும். உங்க கொட்டேஷன்ல இருக்கிற எண்ணை அந்தந்த வரியில போட்டுப் பாருங்க.

- பலகை: வெட்டுற சேதாரம் 10% சேர்த்து 330 சதுர அடி வேணும். ஆனா பெட்டி உடைச்சுத் தர மாட்டாங்க. ஒரு பெட்டி 24 சதுர அடின்னா 14 பெட்டி, அதாவது 336 சதுர அடி. 336 × ₹130 = ₹43,680
- ஜி.எஸ்.டி. 18%: ₹7,862
- போடுற கூலி: 300 × ₹20 = ₹6,000
- தரை மட்டம் பண்றது: பாதி இடத்துக்கு மட்டும்னு வச்சுப்போம். 150 × ₹40 = ₹6,000
- ஸ்கர்ட்டிங்: வாசல் இடம் போக 88 அடி × ₹50 = ₹4,400
- வாசல்ல போடுற பட்டி: 3 × ₹350 = ₹1,050
- கதவு அடியில சீவுறது: 3 × ₹300 = ₹900
- வண்டி வாடகை, மாடி ஏத்துற கூலி: ₹1,500

மொத்தம்: ₹71,392. சதுர அடிக்கு ₹238.

போர்டுல பார்த்தது 130. கையை விட்டுப் போறது 238. கடைக்காரர் பொய் சொல்லலை, அவர் சொன்னது பலகை விலை மட்டும். மத்ததை நாம கேட்கலை, அவ்வளவுதான்.

மாடி ஏத்துற கூலியைச் சின்ன விஷயம்னு விட்டுடாதீங்க. 5 மி.மீ. எஸ்.பி.சி. 336 சதுர அடின்னா சுமார் 300 கிலோ. குறுகலான மாடிப்படி இருக்கிற வீட்டுல இதை முன்னாடியே பேசிடணும், இல்லன்னா வண்டி வந்து நிக்கும்போது வாசல்ல தகராறு.

அதே இடத்துக்கு டைல்ஸ் போட்டா?

- 2க்கு 2 விட்ரிஃபைடு டைல்ஸ், 330 × ₹50 = ₹16,500
- ஜி.எஸ்.டி. 18%: ₹2,970
- மேஸ்திரி கூலி: 300 × ₹30 = ₹9,000
- சிமெண்ட், மணல்: 300 × ₹25 = ₹7,500
- ஸ்கர்ட்டிங்: ₹3,520
- பழைய தரையை உடைச்சு, இடிச்ச குப்பையை அள்ளுறது: ₹6,000
- வண்டி, ஏத்துக்கூலி: ₹2,000

மொத்தம்: ₹47,490. சதுர அடிக்கு ₹158.

ஆக, நம்ம கணக்குல டைல்ஸ் கிட்டத்தட்ட ₹24,000 கம்மி. வினைல் 12 வருஷம், டைல்ஸ் 25 வருஷம் உழைக்கும்னு வச்சா, வினைலுக்கு வருஷத்துக்கு சுமார் ₹5,950, டைல்ஸுக்கு ₹1,900.

"அப்போ வினைல் வேஸ்டா ப்ரோ?" அப்படி இல்லை. வினைல்ல நீங்க காசு கொடுத்து வாங்குறது நேரமும் நிம்மதியும். உடைக்கிற தூசி இல்லை, ரெண்டு நாள்ல வேலை முடியும், வீட்டைக் காலி பண்ண வேணாம். ஆஸ்துமா இருக்கிற பெரியவங்க, கைக்குழந்தை இருக்கிற வீடுன்னா அந்த ₹24,000க்கு அர்த்தம் இருக்கு. டைல்ஸ் மாதிரி காலுக்குச் சில்லுன்னு இருக்காது, அதனால முட்டி வலி இருக்கிறவங்களும் விரும்புறாங்க. அப்படி ஒரு காரணம் உங்க வீட்டுல இல்லன்னா, அழகுக்காக மட்டும் இந்த வித்தியாசத்தைக் கொடுக்கணுமான்னு யோசிங்க.

கொடுங்கையூர்ல கேட்க வேண்டிய முதல் கேள்வி

உங்க வீடு தரைத்தளமா, மாடியா?

முத்தமிழ் நகர், கண்ணதாசன் நகர், எழில் நகர்னு எந்தப் பக்கம் இருந்தாலும் 2015 டிசம்பரையும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் யாருக்கும் ஞாபகப்படுத்த வேணாம். இதோட, ரோடு மேல ரோடு போட்டுப் போட்டு வீடுங்க தாழ்ந்து போன கதை வேற. பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புது ரோடு போடணும்னு 2021ல தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டார். ஆனா அதுக்கு முன்னாடியே தாழ்ந்து போன வீடு தாழ்ந்ததுதானே!

இங்கதான் "100% வாட்டர்ப்ரூஃப்"ங்கிற வார்த்தையைச் சரியாப் புரிஞ்சுக்கணும். வாட்டர்ப்ரூஃப்ங்கிறது பலகை. தரை இல்லை. மேல தண்ணி கொட்டினா துடைச்சுடலாம், பலகை ஊறாது. ஆனா வெள்ளத் தண்ணி ஸ்கர்ட்டிங் ஓரமா, பூட்டு இடுக்கு வழியா அடியில போயிடும். போன தண்ணி காய வழியில்லை. சாக்கடை கலந்த தண்ணின்னா நாத்தமும் பூஞ்சையும் அடியிலயே தங்கிடும்.

அப்போ என்ன பண்ணணும்? மொத்தப் பலகையையும் கழட்டி, கழுவி, தரையைக் காயவெச்சு, மறுபடி பூட்டணும். அதுக்கும் கணக்குப் போடலாம்:

- கழட்ட, மறுபடி போட: 300 × ₹40 = ₹12,000
- கழட்டும்போது பூட்டு உடையற பலகை 15%: 45 சதுர அடி, ஜி.எஸ்.டி.யோட சுமார் ₹6,900

ஒரு தடவை தண்ணி உள்ள வந்தா கிட்டத்தட்ட ₹19,000. அதுவும் அதே டிசைன் அப்போ கடையில கிடைச்சாதான். பசை போட்டு ஒட்டின வகைன்னா கழட்டி மறுபடி ஒட்டுறதும் நடக்காது, பெரும்பாலும் புதுசுதான். டைல்ஸா இருந்தா? தண்ணி வடிஞ்சதும் பினாயில் ஊத்திக் கழுவி விட்டா முடிஞ்சுது.

ஓதம் இருக்கான்னு பைசா செலவில்லாம பாருங்க

வெள்ளமே வரலைன்னாலும் தரைத்தள வீட்டுல மண்ணுலருந்து ஈரம் மேல ஏறும். இப்போ அது ஆவியாப் போயிடுது. மேல பிளாஸ்டிக் தரை போட்டு மூடினா அடியிலயே நிக்கும்.

கெட்டியான பாலித்தீன் ஷீட்டை 2க்கு 2 அடி வெட்டி, தரையில வெச்சு, நாலு பக்கமும் இடைவெளி இல்லாம டேப் ஒட்டுங்க. 24 மணி நேரம் விடுங்க. பிரிச்சுப் பார்க்கும்போது அடியில முத்து முத்தா தண்ணி இருந்தாலோ, அந்த இடம் மட்டும் கறுத்திருந்தாலோ ஓதம் இருக்குன்னு அர்த்தம். ஹால், சுவர் ஓரம், பாத்ரூம் பக்கம்னு மூணு இடத்துல பண்ணுங்க. மே மாசத்துல பண்ணிட்டு சந்தோஷப்படாதீங்க, மழைக்காலத்துல பண்ணுங்க.

அடுத்து மட்டம். கொத்தனார்கிட்ட இருக்கிற மட்டப்பலகையைத் தரையில வெச்சுப் பாருங்க. 10 அடி நீளத்துக்கு 5 மி.மீ.க்கு மேல பள்ளம் தெரிஞ்சா, மட்டம் பண்ணாம போடக் கூடாது. பள்ளத்து மேல நடக்க நடக்கப் பூட்டு ஆடும், ஒரு நாள் உடையும். "அதெல்லாம் வேணாம் சார், அட்ஜஸ்ட் ஆயிடும்"னு சொல்றவர் உங்க ₹6,000ஐ மிச்சம் பண்ணித் தரலை, ₹71,000க்கு ஆபத்து வைக்கிறார்.

கொட்டேஷன்ல எழுத்துல கேட்க வேண்டியது

1. வியர் லேயர் எத்தனை மி.மீ.?
2. அடியில ஃபோம் ஒட்டியே வருதா, தனிக் காசா?
3. மட்டம் பண்றது, ஸ்கர்ட்டிங், வாசல் பட்டி, கதவு சீவுறது எல்லாம் சேர்த்த விலையா?
4. எல்லாப் பெட்டியும் ஒரே பேட்ச் நம்பரா? இல்லன்னா நிறம் மாறும்.
5. சுவர் ஓரம் 6 முதல் 10 மி.மீ. இடைவெளி விடுவீங்களா? வெயிலுக்குப் பலகை விரியும். இடம் இல்லன்னா நடுவுல தூக்கிக்கும்.
6. வாரண்டி பலகைக்கு மட்டுமா, போட்ட வேலைக்குமா?
7. ஜி.எஸ்.டி. பில் உண்டா? பில் இல்லன்னா வாரண்டி வெறும் பேச்சு.

பெரியமேடு பக்கம் ரெண்டு கடை, உங்க ஏரியாவுல ஒரு கடை, ஆக மூணு கொட்டேஷன் வாங்குங்க. ஒரு பெட்டி அதிகமா வாங்கி பரண்ல போட்டு வைங்க. முழுப் பணமும் முன்னாடியே கொடுக்காதீங்க. பலகைக்கு டெலிவரி அன்னைக்கு, கூலிக்கு வேலை முடிஞ்சு நடந்து பார்த்த பிறகு.

போட்ட பிறகு மூணு விஷயம் கவனம்: பூஜை இடத்துல கற்பூரத் தட்டு, ஊதுபத்தி நெருப்பு நேரா விழக் கூடாது, கறை நிரந்தரம். ரப்பர் அடிப்பாகம் இருக்கிற மேட் போடாதீங்க, மஞ்சளாயிடும். பீரோவை இழுக்காதீங்க, தூக்கி வைங்க.

பணத்தை எப்படித் திரட்டுறது?

₹70,000ஐ 16% வட்டியில 24 மாச இ.எம்.ஐ.யாப் போட்டா மாசம் சுமார் ₹3,427. வட்டி மட்டும் ₹12,250க்கு மேல. அதாவது சதுர அடிக்கு இன்னும் ₹40 கூடிடுச்சு. தரை அவசரச் செலவு இல்லை நண்பர்களே. மாசம் ₹6,000 ஆர்.டி. போட்டா 12 மாசத்துல ₹72,000, மேல வட்டியும் உங்களுக்குத்தான்.

வங்கியில வீட்டு மராமத்துக் கடனே வாங்கினா, சொந்தமாக் குடியிருக்கிற வீட்டுக்கு வருமான வரிப் பழைய ரெஜிம்ல வருஷம் ₹30,000 வரை வட்டிக் கழிவு உண்டு. புது ரெஜிம்ல இருக்கிறவங்களுக்கு அது கிடையாது.

இன்னொண்ணு, சொந்த வீடுன்னா காப்பீடு. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உத்தரவுப்படி 2021 ஏப்ரல் 1லருந்து "பாரத் கிருஹ ரக்ஷா"ங்கிற பாலிசி இருக்கு. வெள்ளம், புயல் சேதம் இதுல அடங்கும். நிரந்தரமாப் போட்ட தரை கட்டடத்தோட சேர்ந்தது, அதனால பில்லையும் போட்டோவையும் பத்திரமா வைங்க. ஓதம் ஏறி மெதுவா கெட்டுப் போனா அதுக்குக் கிளெய்ம் எதிர்பார்க்காதீங்க.

முடிவா யாருக்கு எது?

- மாடி வீடு, பழைய மொசைக் உறுதியா, மட்டமா இருக்கு, வீட்டைக் காலி பண்ண முடியாது: எஸ்.பி.சி. வினைல் தாராளமாப் போடலாம்.
- தரைத்தளம், 2015லயோ 2023லயோ தண்ணி உள்ள வந்தது: வேண்டாம். டைல்ஸ் போடுங்க. மிச்சமாகுற ₹24,000ஐ வாசப்படி உயர்த்தவோ, மோட்டாரும் பிளக் பாயிண்டும் மேல ஏத்தவோ செலவு பண்ணுங்க.
- தரைத்தளம், தண்ணி வந்ததில்லை: பாலித்தீன் டெஸ்ட் பாஸ் ஆனா மட்டும் யோசிங்க.
- வாடகை வீடு: ₹70,000 ஓனர் தரைக்குப் போட வேணாம். ரோல் ஒண்ணு வாங்கி விரிங்க, காலி பண்ணும்போது சுருட்டி எடுத்துட்டுப் போயிடலாம்.

உங்க கையில கொட்டேஷன் இருந்தா, மேல இருக்கிற எட்டு வரியில எது எது விட்டுப் போயிருக்குன்னு இன்னைக்கே டிக் பண்ணிப் பாருங்க. விட்டுப் போன வரிக்கெல்லாம் விலை கேட்டு எழுதி வாங்கின பிறகு அட்வான்ஸ் கொடுங்க.