கொத்தனார் கொண்டுவந்த சூப்

இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது, ஜெர்மானியர் வசப்பட்டிருந்த போலந்து தேசத்தில், ஆஷ்விட்ஸ் என்ற கொடுஞ்சிறைக்கு அருகே, செயற்கை ரப்பர் உற்பத்தி செய்யும் பொருட்டுப் பெருந்தொழிற்சாலை ஒன்றை எழுப்பத் தொடங்கிய ஐ.ஜி. ஃபார்பன் என்னும் ரசாயனக் கம்பெனி, கூலிகளைத் தொலைவிலிருந்து நடத்திவருவது வீண் சிரமம் என்று கண்டு, 1942 அக்டோபரில் தன் வாசலருகிலேயே மொனோவிட்ஸ் முகாமைத் திறக்கச் செய்தது. 1944 கோடையில் அங்கே சுமார் 11,000 கைதிகள் இருந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் யூதர்கள். தொழில் தெரிந்தவனுக்கு நாளொன்றுக்கு 4 மார்க், மற்றவனுக்கு 3 மார்க் என்று கம்பெனி கணக்குத் தீர்த்த பணம் முழுவதும் முகாம்களை ஆண்ட நாஜிகளின் எஸ்.எஸ். படையின் கஜானாவுக்கே போயிற்று. விலைகொடுத்து வாங்கிய அடிமையையாவது எஜமான் தன் சொத்தென்று தீனி போட்டுக் காப்பான். இங்கே ஒருவன் விழுந்தால் அடுத்த ரயிலில் வேறொருவன் வந்து சேர்வான் ஆகையால், மனிதனைத் தேய்த்துத் தீர்ப்பதே முறையாயிற்று.

டுரின் நகரத்து இளம் ரசாயன நிபுணர் பிரிமோ லேவி, 1944 பிப்ரவரியில் இத்தாலியிலிருந்து 650 பேரோடு ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுவரப்பட்டார். அவர்களில் சுமார் 125 பேரை வேலைக்கென்று பிரித்துக்கொண்டு, மற்றவர்களை நச்சுவாயு அறைக்கு அனுப்பினார்கள். லேவியின் கையில் 174517 என்ற எண்ணைப் பச்சை குத்தினார்கள்.

லேவி அடைபட்ட மொனோவிட்ஸில் ஜீவித்திருப்பது அற்ப விஷயங்களைப் பொறுத்திருந்தது. சூப்புக் குண்டானில் மேலே இருப்பது வெந்நீர், காயும் கிழங்கும் அடியில். ஆகவே வரிசையில் எங்கே நிற்பது என்பதே பிராணப் பிரச்சினை. கரண்டி வேண்டுமானால் ரொட்டியைக் கொடுத்துத்தான் வாங்கவேண்டும். மரக்கட்டை அடி வைத்த செருப்புக் கடித்துக் கால் புண்ணாகி வீங்கினால் நடை தளரும்; நடை தளர்ந்தவன் பெயர் சாவுப் பட்டியலில் ஏறும்.

இத்தனை சாமர்த்தியமும் கூடிக் காப்பாற்றிவிடும் என்று நினைப்பது தவறு. முகாமின் ஆகாரத்தை மட்டும் உண்டு உழைத்தவன் சில மாதங்களுக்கு மேல் தாங்கமாட்டான். லேவி தாங்கியதற்குக் காரணம், அங்கே கட்டட வேலைக்கு வந்திருந்த லோரென்ஸோ பெரோனே என்ற இத்தாலியக் கொத்தனார். கைதியோடு பேசுவதே தண்டனைக்குரிய குற்றமாயிருந்த அவ்விடத்தில், அதிகம் பேசத் தெரியாத அம்மனிதர், கைம்மாறு எதுவும் கேளாமல், ஆறு மாத காலம் நாள்தோறும் தம் பங்கில் மிச்சம் பிடித்த உணவைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒட்டுப்போட்ட பனியன் ஒன்றை ஈந்ததோடு, இத்தாலிக்குக் கடிதம் எழுதிப் பதிலும் தருவித்தார்.

1945 ஜனவரியில் சோவியத் செஞ்சேனை நெருங்கியபோது, நடக்க முடிந்த கைதிகளையெல்லாம் பனியில் ஓட்டிச் சென்றார்கள். லேவியோடு ரொட்டியைப் பங்கிட்டுண்ட ஆப்த நண்பர், திடகாத்திரமாக இருந்ததனாலேயே நடந்து போனார், திரும்பவில்லை. செங்காய்ச்சலில் விழுந்து பின்தங்கிய லேவியோ பிழைத்துக்கொண்டார். மன உறுதி உள்ளவர்களே தப்பினார்கள் என்று சொல்வது மாண்டவர்களுக்கு இழைக்கும் அநீதியாகும்.

லோரென்ஸோ ஊர் திரும்பி, 1952-இல் காசநோயால் காலமானார். லேவி தம் மகளுக்கும், பின்னர் பிறந்த மகனுக்கும், அந்தக் கொத்தனாரின் பெயரையே இட்டார்.