அலுமினியச் சக்கரத்துக்கு வீட்டிலேயே புது வர்ணம்!

கார் பழையதானால் முதலில் முகம் வாடுவது சக்கரம்தான். மேலே பெயிண்டு பளபளவென்று இருக்கும். கீழே பார்த்தால் சுண்ணாம்பு உதிர்ந்த சுவர்போல இருக்கும். நடைபாதைக் கல்லில் உரசிய கீறல். உரிந்து நிற்கும் மேல்பூச்சு. அதன் அடியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்த பொடி.

நான்கு சக்கரத்தையும் புதிதாக வாங்கினால் கையைக் கடிக்கும். வாங்க வேண்டியதும் இல்லை. கொஞ்சம் பொறுமை உள்ளவர்கள் வீட்டு வாசலிலேயே புது வர்ணம் பூசிவிடலாம். நாலு சக்கரத்துக்கு நாலு ஞாயிற்றுக்கிழமை!

ஆனால், வர்ணத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அழுக்கை மறைப்பதுபோலவே ஆபத்தையும் மறைத்துவிடும். காரில் போகிற குடும்பத்தின் உயிர் அந்தச் சக்கரத்தின் மேல்தான் ஓடுகிறது. ஆகவே, எங்கே பூசுவது என்பதைவிட எங்கே பூசக்கூடாது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பந்தயத்தில் பிறந்த சக்கரம்

ஆரம்பத்தில் காருக்கு மரச்சக்கரம் இருந்தது. கம்பிச் சக்கரமும் இரும்புத் தகட்டுச் சக்கரமும் வந்தன. 1924-ம் ஆண்டு பிரான்ஸ் நாட்டில் லியோன் நகரில் பெரிய கார்ப் பந்தயம் நடந்தது. எட்டோர் புகாட்டி என்பவர் அதற்கு ‘டைப் 35’ என்ற காரைக் கொண்டுவந்தார். அதன் சக்கரங்கள் அலுமினியத்தில் வார்க்கப்பட்டவை. தட்டையான எட்டு ஆரங்கள். பிரேக் டிரம்மும் சக்கரத்தோடு சேர்ந்தே இருந்தது. டயர் தொல்லையால் அன்று புகாட்டிக்கு வெற்றி கிட்டவில்லை. ஆனால் அந்தச் சக்கரம் உலகப்புகழ் பெற்றது.

அலுமினியத்தின் எடை இரும்பின் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. அதுதான் பந்தயக்காரர்களுக்கு அதன் மேல் ஆசை. தனி அலுமினியம் மிருதுவானது. அதனால் சுமார் 7 சதவிகிதம் சிலிக்கனும், சிட்டிகை மக்னீசியமும் சேர்த்துச் சக்கரம் வார்ப்பது வழக்கம். ஆகையால் ‘அலாய் வீல்’, அதாவது கலப்பு உலோகச் சக்கரம் என்று பெயர். நம்மவர்கள் ‘மேக் வீல்’ என்றும் சொல்கிறார்கள். அது மக்னீசியத்தில் செய்த பந்தயச் சக்கரங்களின் பெயர். இன்று தெருவில் ஓடும் ‘மேக் வீல்’ எல்லாம் அநேகமாக அலுமினியமே!

வெள்ளைப் பொடி எங்கிருந்து வந்தது?

அலுமினியம் துருப்பிடிக்காது என்பார்கள். அது பாதி உண்மை. அலுமினியத்தைச் சுரண்டிய உடனே காற்றிலுள்ள பிராணவாயு பட்டு, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஏடு ஒன்று அதன் மேல் படிகிறது. அந்த ஏடுதான் உலோகத்துக்குக் கவசம்.

அந்தக் கவசத்துக்கு எதிரி உப்பு. கல் பட்டு மேல்பூச்சில் ஒரு பொட்டளவு விட்டுப்போனால் போதும். உப்பு ஈரம் உள்ளே இறங்கும். பூச்சுக்கு அடியிலேயே புழு ஊர்ந்த தடம்போல நெளிந்து நெளிந்து பரவும். கடலோர ஊர்க்காரர்களுக்கு இந்தத் தடம் நன்றாகத் தெரியும். அதன் மேல் எவ்வளவு பெயிண்டு அடித்தாலும் சில மாதங்களில் மறுபடி பொங்கி வந்துவிடும். வெள்ளைப் பொடி முழுவதையும் சுரண்டி, சுத்தமான உலோகம் தெரிந்த பிறகே வேலை தொடங்க வேண்டும்.

முதலில் பரிசோதனை

சமதரையில் காரை நிறுத்தி, கை பிரேக் போட்டு, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, பிறகு ஜாக்கி போடுவது முறை. சக்கரத்தைக் கழற்றியதும் ஸ்டெப்னியை மாட்டிவிடுவது நல்லது. ஜாக்கியை மட்டும் நம்பிக் காரை அந்தரத்தில் விடக்கூடாது. வீட்டில் குழந்தைகள் உண்டு!

சக்கரத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, முன்னும் பின்னும் வெயிலில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆரம் விளிம்போடு சேரும் இடம், நட்டுத் துளைகளின் சுற்றுப்புறம், உள்பக்க விளிம்பு, இந்த மூன்று இடங்களையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். மயிரிழை போன்ற விரிசல் தெரிந்தால் வர்ண வேலை அங்கேயே நின்றுவிட வேண்டும். விளிம்பு நெளிந்திருந்தாலும் அப்படியே. அந்தச் சக்கரம் தேர்ந்த பட்டறைக்குப் போகட்டும். அவர்கள் ‘ஆகாது’ என்றால் பழைய உலோகக் கடைக்குப் போகட்டும். பட்டி வைத்து, பெயிண்டு அடித்து, விரிசலை மூடி விற்பவர்களும் இருக்கிறார்கள். அது பச்சைத் துரோகம்.

செய்யக்கூடாதவை

பழைய பெயிண்டு சீக்கிரம் உரியட்டும் என்று ஊது விளக்கால் சக்கரத்தைச் சுடுவது உண்டு. கூடவே கூடாது. வார்த்த சக்கரத்தைத் தொழிற்சாலையில் சூடேற்றிக் குளிர்வித்து, பிறகு அளவான சூட்டில் வைத்துப் பதப்படுத்தி வலுவேற்றுகிறார்கள். கண்டபடி சுட்டால் அந்த வலு போய்விடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது!

காஸ்டிக் சோடாவும் வேண்டாம். சலவைச் சோடாவில் ஊறிய அலுமினியப் பாத்திரம் கறுத்துப்போவதைச் சமையலறையில் பார்த்திருக்கலாம். காஸ்டிக் சோடா அலுமினியத்தையே தின்றுவிடும். சில சக்கரத் துப்புரவுத் திரவங்களில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் இருக்கிறது. தோலில் பட்டால் முதலில் வலிகூடத் தெரியாமல் உள்ளே இறங்கி, எலும்பு வரை பாதிக்கக் கூடியது. அப்படிப்பட்ட பாட்டில் வீட்டுக்குள் வரவே வேண்டாம்.

முகப்பை லேத்தில் கடைந்து மினுக்கிய சக்கரமும், குரோமியம் முலாம் பூசிய சக்கரமும் வீட்டு வேலைக்கு உகந்தவை அல்ல.

தேய்ப்பதில்தான் வேலை

பெயிண்டு அடிப்பது அரை மணி வேலை. தேய்ப்பது அரை நாள் வேலை. முதலில் 120-ம் எண் உப்புத்தாள். பிறகு 320. கடைசியில் 600. எண் கூடக்கூடச் சொரசொரப்பு குறையும். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது, மூச்சுக்கும் நல்லது. மேலோட்டமான உரசலுக்கு உலோகத்துக்கென்று விற்கும் எபாக்சி பட்டி வைக்கலாம். ஆழமான வெட்டுக்குப் பட்டி மருந்தல்ல.

டயரைக் கழற்றாமலே வேலை செய்ய ஒரு தந்திரம் உண்டு. பழைய சீட்டுக்கட்டு ஒன்று எடுத்து, டயருக்கும் விளிம்புக்கும் இடையில் சீட்டுகளைச் சுற்றிலும் வரிசையாகச் செருகிவிட்டால், பெயிண்டு டயரில் படாது. ராஜாவும் ராணியும் ஒருநாளாவது உருப்படியான வேலை செய்யட்டும்!

கடைசியாகத் தின்னரில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். பிறகு வெறுங்கை படக்கூடாது. கையில் உள்ள எண்ணெய்ப் பசை போதும், பெயிண்டு உரிந்துவர.

பூசும் முறை

அலுமினியத்தின் மேல் படியும் ஏட்டில் சாதாரணப் பெயிண்டு சரியாக ஒட்டாது. ஆகவே ‘எட்ச் பிரைமர்’ என்று கேட்டு வாங்க வேண்டும். அதிலுள்ள லேசான அமிலம் உலோகத்தை மெல்லக் கடித்துப் பற்றிக்கொள்ளும். அதன் மேல் சக்கரப் பெயிண்டு. அதற்கும் மேல் நிறமற்ற லேக்கர்.

ஒரே தடவையில் கனமாக அடித்தால் வழிந்து கண்ணீர் விடும். மெல்லியதாக மூன்று தடவை அடிப்பதே நல்லது. இடையில் எவ்வளவு நேரம் காய வேண்டும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். உச்சி வெயில் வேண்டாம், கொப்புளம் போடும். மழை நாளும் வேண்டாம், வெளுத்துப்போகும். காலை நேரத்து நிழலே உத்தமம்.

காற்றோட்டமான வாசலில், அடுப்புக்கும் விளக்குக்கும் தூரத்தில் வைத்து அடிக்க வேண்டும். ஆவியை வடிகட்டும் முகமூடி தேவை. கைக்குட்டை ஆவியைத் தடுக்காது. கெட்டிப்படுத்தும் திரவத்தைத் தனியாகக் கலந்து அடிக்கும் லேக்கர் ஒன்று உண்டு. அதில் ஐசோசயனேட் என்ற சரக்கு இருக்கிறது. அது ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது. அதைப் பட்டறைக்காரர்களுக்கே விட்டுவிடலாம்.

பூசக்கூடாத இடம்

நட்டு உட்காரும் குழியில் பெயிண்டு படவே கூடாது. சக்கரத்தின் பின்புறம் அச்சோடு சேரும் முகத்திலும் கூடாது. காரணம் எளிது. நட்டை இறுக்கும்போது பெயிண்டும் சேர்ந்து இறுகும். கார் ஓடி, பிரேக் சூடு ஏறியதும் அந்தப் பெயிண்டு நசுங்கித் தேயும். அந்த இடைவெளி அளவுக்கு நட்டின் பிடி தளரும். தளர்ந்த நட்டு ஆட்டத்தில் கழலும். அழகுக்காக அடித்த பெயிண்டு, ஓடும் காரிலிருந்து சக்கரத்தையே கழற்றிவிடலாம்! ஆகவே பெயிண்டு டப்பாவைத் திறப்பதற்கு முன்பே அந்த இடங்களில் ஒட்டுத்தாள் ஒட்டிவிட வேண்டும்.

முழுதும் ஒருநாள் காய்ந்த பிறகு சக்கரத்தை மாட்டலாம். நட்டுகளை வரிசையாக இறுக்காமல், ஒன்றுக்கு எதிரே ஒன்றாக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். எவ்வளவு இறுக்கம் என்பது காரோடு வந்த கைப்புத்தகத்தில் இருக்கும். தேய்க்கும்போது உள்ளே ஒட்டியிருந்த சிறு எடைக்கட்டி விழுந்திருந்தால், டயர் கடையில் சக்கரத்தைச் சமன் செய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும்.

50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நான்கு சக்கரத்தின் நட்டுகளையும் இன்னொரு முறை ஸ்பேனர் வைத்துப் பார்த்துவிட வேண்டும். முதல் வாரம் சக்கரத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டாம். லேக்கர் உள்ளூரக் கெட்டிப்பட அவ்வளவு நாளாகும்.