பத்திரிகையும் பரீட்சையும்

இலங்கை நிருவாக சேவைப் போட்டிப் பரீட்சைக்குத் தோற்ற விரும்பும் இளம் பட்டதாரிகள் நம்மிடம் முதலிற் கேட்பது, "எந்தப் பொது அறிவு நூலை வாங்கலாம்?" என்பதே. வீட்டுக்கு வரும் பத்திரிகையே போதும் என்றால் அவர்கள் முகம் வாடுகின்றது. பத்திரிகையை அவர்களும் படிக்கின்றனர். படிக்கும் முறையிலேதான் குறை. தூதுவராக நியமனம் பெற்றவர் யார், கிண்ணத்தை வென்ற அணி எது என்று கொப்பி நிறைய எழுதி மனனஞ் செய்கின்றனர்.

பழைய சிவில் சேவை ஒழிக்கப்பட்டு, 1963 மே 1ஆந் திகதி அதனிடத்தில் அமைந்தது இச்சேவை. இதிற் சேருவோர் பிரதேச செயலகங்களிலும் அமைச்சுக்களிலும் இருந்து மக்கள் வாழ்வைத் தொடும் கருமங்களை ஆற்றவேண்டியவர். எனவே, செய்திகளை மனத்தில் நிறைத்து வைத்தால் மட்டும் போதாது. அவற்றின் காரணத்தையும் விளைவையும் ஆராயும் ஆற்றல் வேண்டும்.

ஓர் உதாரணம் காட்டுவோம். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. திகதியை மட்டும் குறித்துக்கொண்ட மாணவன் கற்றது ஒரு வரியே. மற்றொருவன் நான்கு வினாக்களை எழுப்புகின்றான். எந்த அதிகாரத்தின்கீழ் இத்தடை வந்தது? 1969ஆம் ஆண்டின் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ். காரணம் யாது? மக்கள் சுகத்தையும் சேதன விவசாயத்தையும் அரசாங்கம் எடுத்துக்கூறியது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் அக்காலத்தே நாட்டை வருத்தியது. பாதிக்கப்பட்டோர் யாவர்? நெல், தேயிலை, மரக்கறி பயிரிட்டோர். முடிவு யாது? அதே ஆண்டு நவெம்பரிலே தடை கைவிடப்பட்டது. ஆயினும் அடுத்த பெரும்போக நெல் விளைச்சல் பெரிதுங் குன்றியது. 2022 ஏப்ரில் 12ஆந் திகதி வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நாடு இடைநிறுத்திய செய்தியையும் இவனே தொடர்புபடுத்திப் படிப்பான். சட்டம், பொருளாதாரம், விவசாயம் ஆகிய மூன்றும் ஒரே செய்தியில் அவனுக்குப் பாடமாயின.

இம்முறைக்கு அதிக செலவில்லை. ஒரு கொப்பியைத் திகதி வாரியாகவன்றிப் பொருள் வாரியாகப் பிரிக்க. இடப் பக்கத்திலே நிகழ்ச்சியையும் வலப் பக்கத்திலே அந்நான்கு வினாக்களுக்கான விடைகளையும் எழுதுக. எடுத்துக்கொண்ட விடயம் முடிவுறும்வரை அதனைத் தொடர்ந்து கவனிக்க. ஒரே செய்தியைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வரும் பத்திரிகையிலும் படித்து ஒப்பிடுக; ஒன்றிலே தலைப்பாயிருப்பது மற்றொன்றிலே மூலையிற் கிடக்கும். செய்தி வேறு, ஆசிரியர் கருத்து வேறு என்பதையும் மறவாதிருக்க. புள்ளிவிவரங்களைப் பொது நூலகத்திலே மத்திய வங்கியின் வெளியீடுகளோடு சரிபார்க்க.

பெற்றோரும் இதிலே துணையாகலாம். இராப்போசனத்தின்போது ஒரு செய்தியை எடுத்து, "இதனால் யாருக்கு நன்மை, யாருக்குத் தீமை?" என்று பிள்ளைகளைக் கேட்கலாம். பாடசாலை மாணவர்க்கும் இது நற்பயிற்சியே.

பரீட்சையிலே தேறுவோர் சிலரே. தேறியவர் முன்னிலையில் ஒரு நாள் பசளை கிடைக்காத கமக்காரன் ஒருவன் வந்து நிற்பான். அவனுக்கு விடை கூறவேண்டியவர் கந்தோரிலுள்ள சுற்றறிக்கையை மட்டும் படித்தவராயின், அவன் வெறுங்கையோடு திரும்புவான். தேறாதவரோ, தம்மை ஆளுவோர் செய்வதை ஆராய்ந்தறியும் குடிமக்களாவர். அதுவும் சிறு பயனன்று.