பிடிச்ச காசு போய்ச் சேர்ந்துச்சா? அரை வருஷம் முடிஞ்சாச்சு, ஒரு தடவை பார்த்துடுங்க!

தீபாவளி போனஸ் கைக்கு வந்திருக்கும். பாதி துணிக்கடைக்கும் மீதி ஊருக்கும் போயிருக்கும். அது உங்க கண்ணுல பட்ட காசு. இன்னைக்குப் பேசப் போறது கண்ணுல படாத காசைப் பத்தி.

என் முதல் வேலை மங்கலம் ரோட்டுல ஒரு சின்ன பனியன் கம்பெனியில. பேர் வேண்டாம். ஸ்லிப்ல மாசாமாசம் பிஎஃப் பிடிச்சாங்க. வேலையை விட்டுட்டு பணம் எடுக்கப் போனப்பதான் தெரிஞ்சது, பாஸ்புக்ல ஏழு மாசம் காலி! அலைஞ்சு வாங்கினேன். ஆனா அப்பாவோட ஆபரேஷன் சமயத்துல அந்தப் பணம் உதவலை. வட்டிக்குத்தான் வாங்கினோம்.

சின்ன கம்பெனியில ஏன் இப்படி ஆகுது?

எல்லா முதலாளியும் ஏமாத்தறவர் இல்லைங்க. மங்கலம் பக்கம் பார்த்தீங்கன்னா விசைத்தறியும் ஜாப் ஒர்க்கும்தான் நிறைய. சனிக்கிழமை ஆனா டெய்லர், செக்கிங், பேக்கிங் எல்லாருக்கும் கூலி எண்ணி வெக்கணும். ஆனா பார்ட்டிகிட்ட இருந்து பில் பணம் வர ரெண்டு மாசம், மூணு மாசம் ஆகும். 2025 ஆகஸ்ட் 27-ல் இருந்து அமெரிக்கா 50% வரி போட்டப்போ எக்ஸ்போர்ட் ஆர்டரும் ஆட்டம் கண்டுச்சு. கை இறுக்கமானா முதல்ல தள்ளிப்போறது எது? கூலியைத் தள்ளினா மெஷின் நிக்கும். கரண்ட் பில்லைத் தள்ளினா ஃபியூஸ் போகும். பிஎஃப் கட்டலைன்னா அன்னைக்கு எதுவும் நிக்காது. அதனால அதுதான் தள்ளிப்போகும்.

அரை வருஷத்துல எவ்வளவு காசு?

மொத்த சம்பளம் 20,000. அதுல பேசிக்கும் டிஏவும் சேர்த்து 14,000-னு வெச்சுக்குவோம்.

- பிஎஃப்: உங்க பங்கு 12%, அதாவது 1,680 ரூபாய். கம்பெனி பங்கும் 1,680. அதுல 1,166 பென்ஷனுக்கு, 514 உங்க பிஎஃப் கணக்குக்கு.
- இஎஸ்ஐ (சம்பளம் 21,000 வரைக்கும்): உங்க பங்கு 0.75%, அதாவது 150 ரூபாய். கம்பெனி பங்கு 3.25%, அதாவது 650.

மாசத்துக்கு 4,160. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 24,960 ரூபாய். கிட்டத்தட்ட ஒன்னேகால் மாசச் சம்பளம்! இது ரெண்டும் அடுத்த மாசம் 15-ம் தேதிக்குள்ள கட்டியாகணும். செப்டம்பர் கணக்குக்கு அக்டோபர் 15 தாண்டியாச்சு. அதனால பார்க்க வேண்டிய நேரம் இதுதான்.

இஎஸ்ஐ-ல இந்த அரையாண்டு ஏன் முக்கியம்?

இது நிறைய பேருக்குத் தெரியாது. ஏப்ரல்–செப்டம்பர்ல கட்டின பணத்துக்கான பலன் காலம் அடுத்த ஜனவரி–ஜூன். உடம்பு சரியில்லாம லீவு போட்டா, சம்பளத்துல 70% வரை வருஷத்துக்கு 91 நாள் கிடைக்கும். அதுக்கு அந்த ஆறு மாசத்துல குறைஞ்சது 78 நாளுக்குப் பங்களிப்பு பதிவாகியிருக்கணும். நீங்க வேலை பார்த்த நாளும் அங்க பதிவான நாளும் ஒன்னா இருக்கான்னு இப்பவே பாருங்க. பிப்ரவரியில ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டுப் பார்க்காதீங்க.

இன்னொன்னு, நடுவுல இன்க்ரிமென்ட் வந்து 21,000 தாண்டினாலும் அந்த அரையாண்டு முடியற வரைக்கும் இஎஸ்ஐ பிடிக்கணும். "தாண்டிட்டீங்க, நிறுத்திட்டோம்"னு சொன்னா அது தப்பு.

பத்து நிமிஷ செக்லிஸ்ட்

1. பிஎஃப்ல பதிவான நம்பர்ல இருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுங்க. கடைசியா வரவு வெச்ச தொகை எஸ்எம்எஸ்ல வரும். முழு விவரத்துக்கு உமங் ஆப்ல பாஸ்புக். ஆறு மாசம், ஆறு வரி இருக்கணும்.
2. ஸ்லிப்பையும் பாஸ்புக்கையும் பக்கத்துல வெச்சு ஒப்பிடுங்க.
3. தொழில் வரி: அரையாண்டுக்கு ஒரு தடவை உள்ளாட்சிக்குப் போகுது. வருஷத்துக்கு 2,500-க்கு மேல வாங்க சட்டத்துல இடமில்லை.
4. டிடிஎஸ்: 2025-26-க்குப் புது வரி முறையில 12.75 லட்சம் வரை சம்பளத்துக்கு வரி இல்லை. அதுக்கு மேல இருந்து பிடிச்சிருந்தா, ஜூலை–செப்டம்பர் கணக்கைக் கம்பெனி அக்டோபர் 31-க்குள்ள தாக்கல் பண்ணணும். நவம்பர் நடுவுல 26ஏஎஸ் பாருங்க.

காணோம்னா என்ன செய்யறது?

முதல்ல அக்கவுண்ட்ஸ் அண்ணாகிட்ட மெதுவா கேளுங்க. பல சமயம் ஆதார் பேர்ல எழுத்து மாறியிருக்கும், அவ்வளவுதான். கட்டவே இல்லைன்னா முதலாளிக்குப் புரியற கணக்கு ஒன்னு இருக்கு. 2022 அக்டோபர் 12-ல உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புப்படி, தொழிலாளிகிட்ட பிடிச்ச பங்கைக் கெடு தாண்டிக் கட்டினா அதைச் செலவாக் காட்ட முடியாம இருந்துச்சு. 30 பேர்கிட்ட 1,680 பிடிச்சா மாசம் 50,400. அப்போ ஒரு மாசம் லேட் ஆனாலே, 30% வரி கட்டற ஃபர்முக்கு 15,120 ரூபாய் கூடுதல் வரி வந்துச்சு. தாமதத்துக்கு வட்டி, அபராதம் தனி. பேங்க்ல ஓடி வாங்கிக் கட்டினாலும் அதைவிட மலிவா இருந்துச்சு!

அதுக்கும் அசையலைன்னா இபிஎஃப்ஓ-வோட குறைதீர் தளத்துல புகார் போடலாம். மாசாமாசம் 27-ம் தேதி மாவட்டந்தோறும் முகாமும் நடத்தறாங்க. சம்பளத்துல பிடிச்சுட்டுக் கட்டாம விடறது சட்டப்படி நம்பிக்கை மோசடி. ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட், ஐடி கார்டு மூணையும் போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.

ஸ்லிப்பே தராத கம்பெனியா? அப்போ இன்னும் அவசரம். பிஎஃப் 20 பேர், இஎஸ்ஐ 10 பேர் இருந்தாலே பொருந்தும். "நாங்க சின்ன யூனிட்டுங்க"ங்கிறது பதில் இல்லை.

பாஸ்புக் எடுக்கறதைப் படிப்படியா நம்ம சேனல்ல வீடியோவாப் போட்டிருக்கோம். பக்கத்து டேபிள்ல இருக்கற அக்காவுக்கும் பார்த்துச் சொல்லுங்க. அவங்க காசும் அதே 15-ம் தேதியைத்தான் நம்பி இருக்கு.