மூளை ரத்தக்குழாயில் அடைப்பு... ஸ்டென்ட் வைத்தால் சரியாகிவிடுமா?

இதயத்தில் அடைப்பு என்றால் ஸ்டென்ட். நமக்குப் பழகிப்போன விஷயம். அப்போ, மூளைக்குள் ரத்தக்குழாய் சுருங்கினாலும் அதே வழிதானே? லாஜிக் சரிதான். ஆனால், ரிசல்ட் வேறு மாதிரி வந்தது.

எப்படி வைக்கிறார்கள்?

பெரும்பாலும் தொடையிலுள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய டியூபைச் செலுத்தி, சுருங்கிய இடத்தை பலூனால் விரித்து, வலை போன்ற ஸ்டென்ட்டைப் பொருத்துவார்கள். 'விங்ஸ்பேன்' என்ற ஸ்டென்ட்டுக்கு அமெரிக்காவில் 2005-ல் அனுமதி கிடைத்தது.

ஆய்வு சொன்னது என்ன?

அங்கே நடந்த 'சாம்ப்ரிஸ்' ஆய்வில் 451 பேர். எல்லோருக்கும் 70 முதல் 99% வரை அடைப்பு. சமீபத்தில் ஸ்ட்ரோக் அல்லது மினி ஸ்ட்ரோக் வந்தவர்கள். ஒரு பிரிவுக்குத் தீவிர மருந்து சிகிச்சை மட்டும். இன்னொரு பிரிவுக்கு அதோடு ஸ்டென்ட்டும். 30 நாள்களுக்குள் ஸ்ட்ரோக் அல்லது மரணம், மருந்துப் பிரிவில் 5.8%, ஸ்டென்ட் பிரிவில் 14.7%. 2011-ல் புதிய நோயாளிகளைச் சேர்ப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

ஏன் இப்படி?

குழாயை விரிக்கும்போது, அதிலிருந்து பிரியும் நுண்குழாய்கள் அடைபடலாம். ரத்தக்கசிவும் ஏற்படலாம்.

அப்போ என்ன செய்வது?

முதல் சிகிச்சை மருந்துதான். ரத்தக்கட்டியைத் தடுக்கும் மாத்திரை, கொழுப்புக்கு ஸ்டாட்டின், பி.பி., சுகர் கட்டுப்பாடு, உடற்பயிற்சி. சிகரெட்டுக்கு நோ. இத்தனைக்குப் பிறகும் மீண்டும் மீண்டும் ஸ்ட்ரோக் வந்தால் மட்டுமே ஸ்டென்ட் பற்றி யோசிப்பார்கள்.

கழுத்து ரத்தக்குழாயில் வைக்கும் ஸ்டென்ட் வேறு கதை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வாய் கோணுவது, கை மரத்துப்போவது, பேச்சு குழறுவது... ஐந்தே நிமிடத்தில் சரியானாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அப்பாவுக்கு டாக்டர் "மாத்திரை போதும்" என்றால், அது குறைவான சிகிச்சை அல்ல. அதை ஒருநாள்கூட விடாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை.