எந்தப் பக்கத்து ரத்தம்?

மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. மருத்துவர் 'ஆட்டிசம்' என்கிறார். வீடு திரும்பியதும் முதலில் வரும் கேள்வி, "எங்க வம்சத்துல இப்படி யாரும் இல்லையே, உங்க பக்கமா?" பெரும்பாலும் மருமகளைப் பார்த்துத்தான் அது கேட்கப்படும். அடுத்தது, "ஜீன் டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சிடுமாமே?"

பழி பழசு

1943இல் லியோ கானர் ஆட்டிசத்தை விவரித்து எழுதிய பிறகு, தாயின் பாசக்குறைவே காரணம் என்று பல ஆண்டுகள் மருத்துவ உலகமே நம்பியது. அதை அசைத்தது 1977இல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் பிரிட்டனில் நடத்திய இரட்டையர் ஆய்வு. ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவாக உருவான 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. ஆட்டிசத்தில் மரபணுவின் பங்கு மிகப் பெரியது என்பதைப் பின்னாளைய பெரிய ஆய்வுகளும் உறுதிசெய்தன.

ஆனால் மரபணு என்றால் ஒரு பக்கத்துக் குறை என்று பொருளில்லை. நூற்றுக்கணக்கான மரபணுக்களின் சின்னச் சின்ன மாற்றங்கள் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்து சேர்கின்றன. சில மாற்றங்கள் பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகவே தோன்றுகின்றன. வம்சத்தில் யாரும் இல்லை என்பது உண்மையாகவே இருக்கலாம்.

டெஸ்ட் எதைச் சொல்லும்?

ஆட்டிசம் உண்டா இல்லையா என்று சொல்லும் ரத்தப் பரிசோதனை இன்றுவரை கிடையாது. குழந்தையின் நடத்தையைக் கவனித்து, பெற்றோரைக் கேட்டுத்தான் மருத்துவர் முடிவுக்கு வருகிறார். மரபணுப் பரிசோதனை காரணத்தைத் தேடுவது மட்டுமே. குரோமோசோம் மைக்ரோஅரே என்ற பரிசோதனையில் நூறு குழந்தைகளில் 10 முதல் 15 பேருக்குத்தான் தெளிவான காரணம் கிடைக்கிறது. எக்ஸோம் என்ற இன்னொரு மரபணுப் பரிசோதனை மேலும் சிலருக்கு விடை தரும். மற்றவர்களுக்கு ஒன்றும் அகப்படாது; அதனால் ஆட்டிசம் இல்லையென்றோ மரபுக் காரணம் இல்லையென்றோ ஆகிவிடாது. பல ஆயிரம் ரூபாய் கட்டுவதற்கு முன்பே இதைப் பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும். பல இடங்களில் பணம் கட்டிய பிறகே சொல்கிறார்கள் என்பது என் வருத்தம்.

தாத்தாவின் கைநடுக்கம்

குடும்ப வரலாறு எவ்வளவு பேசும் என்பதற்கு ஃப்ரஜைல் எக்ஸ் என்ற மரபுக் கோளாறே சாட்சி. எக்ஸ் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கும். அந்த எண்ணிக்கை 200ஐத் தாண்டினால், முக்கியமாக ஆண் குழந்தைகளுக்கு, அறிவு வளர்ச்சி பின்தங்கும்; பலருக்கு ஆட்டிசமும் சேர்ந்துவரும். 55 முதல் 200 வரை இருப்பவர் பார்வைக்கு நன்றாகவே இருப்பார். அப்படிப்பட்ட தாத்தாவுக்கு ஐம்பதைக் கடந்தபின் கை நடுங்கலாம், நடை தள்ளாடலாம். அந்த மாற்றம் அவருடைய மகள்கள் எல்லோருக்கும் போகும், மகன்களுக்குப் போகாது. மகளுக்கு நாற்பதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுபோகலாம். அவளிடமிருந்து அடுத்த தலைமுறைக்குப் போகும்போது எண்ணிக்கை எகிறி, பேரனுக்குப் பேச்சு வராமல் போகலாம்.

தாத்தாவின் நடுக்கத்தை வயசு என்று விட்டிருப்பார்கள். அம்மாவின் மாதவிடாய் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள். பேரனின் பேச்சுத் தாமதத்தோடு சேர்த்து மூன்றையும் ஒரே தாளில் எழுதினால்தான் மருத்துவருக்குப் பிடி கிடைக்கும். மைக்ரோஅரேயில் ஃப்ரஜைல் எக்ஸ் தெரியாது; அதற்குத் தனியாக ஒரு பரிசோதனையை எழுதிக் கொடுக்க வேண்டும்.

சொந்தத்தில் கட்டியதாலா?

மாமன் மகள், அத்தை மகள் திருமணமும் அக்கா மகளைத் தாய்மாமன் கட்டுவதும் நம் பக்கம் புதிதல்ல. முதல் வகையில் குழந்தையின் மரபணுக்களில் சராசரியாக 16இல் ஒரு பங்கும், இரண்டாவதில் 8இல் ஒரு பங்கும் இரு பக்கமிருந்தும் ஒரே பிரதியாக வந்து சேர்கின்றன. இருவரிடமும் ஒளிந்திருந்த ஒரே குறை அப்போது வெளிப்பட வாய்ப்பு கூடுகிறது. ஆனால் ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலரின் பெற்றோர் சொந்தக்காரர்களே அல்ல. நடந்த கல்யாணத்தைக் குற்றம் சொல்வதால் குழந்தைக்குப் பேச்சு வரப்போவதில்லை. மருத்துவரிடம் உறவுமுறையை மறைப்பதுதான் கெடுதல்.

வெள்ளிமலையிலிருந்து இறங்குமுன்

வெள்ளிமலை போன்ற கல்வராயன்மலைக் கிராமங்களிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு வந்து போனால் ஒருநாள் கூலி போய்விடும். ஆகவே மலையிறங்குமுன் மூன்று தலைமுறையை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். யாருக்குப் பேச்சு தாமதம், வலிப்பு, காது கேளாமை, கருச்சிதைவு, சிறுவயதில் இறப்பு என்று பாட்டியைக் கேட்டாலே வரிசையாகச் சொல்லிவிடுவார். குழந்தையின் உடம்பில் வெளுத்த தேமல்போன்ற திட்டுகள் இருந்தால் அதையும் குறியுங்கள். வலிப்போடு சேர்ந்து அவை இருந்தால் வேறொரு மரபுநோயின் அடையாளமாக இருக்கலாம்.

அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை பரிசோதிக்க வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடமே முதலில் கேட்கலாம். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் திறக்கப்பட்டதிலிருந்து குழந்தை மருத்துவரைப் பார்க்க விழுப்புரத்துக்கோ சேலத்துக்கோ ஓட வேண்டியதில்லை. மரபியல் ஆலோசனைக்கு வேலூர் சி.எம்.சி.யில் தனித்துறை உண்டு. எந்த டெஸ்ட் முடிவுக்காகவும் பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டாம். செவித்திறன் பரிசோதனையை முதலிலேயே முடித்துவிடுங்கள்.

அடுத்த குழந்தை பற்றி யோசிப்பவர்கள் கருத்தரிக்குமுன் ஆலோசனை பெறுவது நல்லது. அமெரிக்க, கனடா ஆய்வுகளில், ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் பின் பிறந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது காணப்பட்டது. காரணம் தெரிந்த குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு கூடலாம், வெகுவாகக் குறையவும் செய்யலாம்.

மரபணுப் பரிசோதனை அறிக்கையில் 'பொருள் உறுதியாகாத மாற்றம்' என்று வந்தால் பயப்படவும் வேண்டாம், அதைத் தூக்கிப் போடவும் வேண்டாம். காரணம், ஒப்பிட்டுப் பார்க்கும் மரபணுத் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பியர்களுடையது. இந்தியர்கள் பத்தாயிரம் பேரின் மரபணு வரிசையைத் தொகுத்த ஜீனோம் இந்தியா தரவு 2025 ஜனவரியில்தான் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இரண்டு மூன்று ஆண்டு கழித்து அதே அறிக்கையை எடுத்துப்போய் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.