கொல்லிமலையில் வாடகையும் வருமான வரியும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் தலைமுறைகளாக வாழும் மலையாளிப் பழங்குடியினர் தம் நிலத்தில் விளைவிக்கும் மிளகு, காபி, அன்னாசி, சிறுதானியம் ஆகியவற்றால் பெறும் வேளாண் வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி கிடையாது. ஆகவே, செலுத்தும் வாடகைக்கு வரிச்சலுகை உண்டா என்ற கேள்வி அங்கே பெரும்பாலும் எழுவது, எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பணிமாறுதலில் வந்து, செம்மேட்டிலோ சோளக்காட்டிலோ வீடு பிடித்துக் குடியேறும் ஆசிரியர், செவிலியர், வங்கி ஊழியர் போன்றோரிடமே ஆகும். சலுகை உண்டு என்பதே சட்டத்தின் விடை. எனினும் பெருநகர வாடகையை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்ட அந்தக் கணக்கு, வாடகை குறைவான ஒரு மலையூருக்கு வரும்போது பெரிதும் சுருங்கிவிடுகிறது.

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வாடகைக்கு இரண்டு வழிகளைத் திறந்து வைத்தது. 2026 ஏப்ரல் 1 முதல் அதற்கு மாற்றான 2025ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்விரண்டையும் வேறு எண்களின் கீழ்த் தக்கவைத்துள்ளது. முதலாவது, பழைய சட்டத்தின் 10(13ஏ) பிரிவு, ஊதியத்தோடு வீட்டு வாடகைப்படி பெறுவோருக்கு உரியது. பெற்ற படி முழுவதும் வரியிலிருந்து நீங்கிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், கையில் வந்த படி, ஊதியத்தில் 40 விழுக்காடு, செலுத்திய வாடகையிலிருந்து ஊதியத்தின் பத்தில் ஒரு பங்கைக் கழித்த மீதி ஆகிய மூன்றில் எது மிகக் குறைவோ அதற்கு மட்டுமே விலக்கு உண்டு. இங்கே ஊதியம் என்பது அடிப்படை ஊதியமும், ஓய்வுக்காலப் பலன்களுக்குக் கணக்கில் கொள்ளப்படும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையாகும். 1962ஆம் ஆண்டு விதிகளின்படி சென்னை, மும்பை, தில்லி, கொல்கத்தா ஆகிய நான்கு நகரங்களில் மட்டும் 40 என்பது 50 ஆக உயர்ந்தது.

மூன்றாவது தொகையில்தான் மலையூர்க்காரரின் சிக்கல் இருக்கிறது. மாதம் 50,000 ரூபாய் ஊதியம் பெறும் ஓர் ஆசிரியர் செம்மேட்டில் 5,000 ரூபாய் வாடகை கொடுப்பதாகக் கொண்டால், ஊதியத்தின் பத்தில் ஒரு பங்கும் அதே 5,000 ஆகிவிடுவதால் மீதி ஏதுமில்லை. அவர் பெற்ற வீட்டு வாடகைப்படி முழுவதும் வரிக்கு உட்படும். அதே ஊதியத்தோடு சென்னையில் 15,000 ரூபாய் வாடகை கொடுப்பவருக்கோ, படி 10,000 ரூபாய்க்குக் குறையாதிருந்தால், மாதந்தோறும் 10,000 ரூபாய் விலக்காகக் கிடைக்கும். கூடுதல் வாடகை கொடுப்பவருக்குக் கூடுதல் சலுகை என்பது நியாயமே என்றாலும், குறைந்த வாடகை கொடுப்பவரின் செலவு செலவாகவே எண்ணப்படாமல் போவதற்கு வலுவான காரணம் தென்படவில்லை. ஒரு வசதி மட்டும் உண்டு: நாமக்கல்லில் சொந்த வீடு வைத்திருப்பவரும், மலையில் உண்மையாகவே வாடகை கொடுத்து அங்கே குடியிருந்தால், இந்த விலக்கைக் கோரலாம்.

வீட்டு வாடகைப்படி பெறாதவர்களுக்கு, அதாவது சிறு கடை நடத்துபவர், தங்கும் விடுதியில் தொகுப்பூதியத்தில் வேலை பார்ப்பவர் போன்றோருக்கு, பழைய சட்டத்தின் 80ஜிஜி பிரிவு இரண்டாவது வழியாக அமைகிறது. மாதம் 5,000 ரூபாய், மொத்த வருமானத்தில் 25 விழுக்காடு, வாடகையிலிருந்து அவ்வருமானத்தின் பத்தில் ஒரு பங்கைக் கழித்த மீதி ஆகியவற்றுள் குறைந்ததே இங்கே கழிவாகும். 2016ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 2,000 ரூபாயிலிருந்து உயர்த்திய அந்த 5,000 ரூபாய் வரம்பு அதன்பின் பல ஆண்டுகள் நகரவேயில்லை. ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் வருமானமுள்ள ஒருவர் மாதம் 6,000 ரூபாய் வாடகை கொடுத்தால், 72,000 ரூபாயில் 60,000 போக, 12,000 ரூபாயே கழிவாகும். இவ்வழியில் நிபந்தனைகளும் கடுமையானவை: வசிக்கும் அல்லது தொழில் செய்யும் ஊரில் தமக்கோ வாழ்க்கைத் துணைக்கோ வயதுவராத பிள்ளைக்கோ வீடு இருத்தலாகாது, பழைய விதிகளில் 10பிஏ எனப்பட்ட உறுதிமொழிப் படிவத்தையும் அளிக்க வேண்டும்.

இரண்டு வழிகளும் பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுப்போருக்கு மட்டுமே உரியவை. 2023-24 நிதியாண்டு முதல் இயல்புநிலையாக்கப்பட்ட புதிய முறையில் வாடகைக்கு எந்தச் சலுகையும் இல்லை. ஆனால் 2025-26 முதல் அம்முறையில், சிறப்பு விகித வருமானங்கள் நீங்கலாக, 12 லட்சம் ரூபாய் வரையிலும், ஊதியம் பெறுவோருக்கு 75,000 ரூபாய் நிலைக்கழிவு சேர்ந்து 12.75 லட்சம் ரூபாய் வரையிலும் வரி இல்லை. எனவே மலையில் வாடகைக்கு இருப்போரில் பலருக்கு ரசீது சேர்க்கும் தேவையே இல்லை.

பழங்குடியினருக்கு வருமான வரியே இல்லை என்று மலையில் நிலவக்கூடிய நம்பிக்கையையும் இங்கே திருத்திக்கொள்ள வேண்டும். பழைய சட்டத்தின் 10(26) பிரிவின் விலக்கு வடகிழக்கின் குறிப்பிட்ட பகுதிகளிலும் லடாக்கிலும் வாழும் பழங்குடியினருக்கு உரியது. கொல்லிமலை மலையாளி ஒருவர் அரசுப் பணியில் சேர்ந்தால், அவரும் சமவெளிக்காரரைப் போலவே வரி செலுத்த வேண்டியவர். 1,000 மீட்டரும் அதற்கு மேலும் உயரமான இடங்களில் பணியாற்றுவோர் பெறும் மலைப்படிக்கு 1962ஆம் ஆண்டு விதிகள் தனியாக ஒரு விலக்கு அளித்தன என்பது உண்மையே. மாதம் 300 ரூபாயான அதுவும் பழைய முறையில் மட்டுமே கிடைத்தது. 20 விழுக்காடு வரி செலுத்துபவருக்கு அதனால் ஆண்டு முழுவதிலும் மிஞ்சியது, மேல்வரியைச் சேர்க்காமல், 720 ரூபாய்.